பின்கம்பியில் உட்கார்ந்தவர்கள்

விபத்து நடந்த மூன்றாம் நாள் காலையில் முதல்வர் அறையிலிருந்து ஆள் வந்து கோச்சைக் கூப்பிட்டார். முப்பத்தொரு வருஷமாக அந்தக் கல்லூரியில் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறார். அந்த அறையில் அவரை உட்காரச் சொன்னது கோப்பை ஜெயித்த நாட்களில் மட்டும்தான். அதுவும் போட்டோ எடுத்து முடிக்கிற வரைக்கும். இன்றைக்கு என்னடாவென்றால் முதல்வரே எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். பின்னாலேயே டீ வந்தது.

"உட்காருங்க கோச். சர்க்கரை போடலாமில்ல?"

"போடலாம் சார்."

முதல்வரே கரண்டியால் கலக்கிக் கொடுத்தார். இவ்வளவு மரியாதை வந்தால் பின்னாலேயே ஏதோ வருகிறது என்று அர்த்தம். சுமை தூக்குகிறவனிடம் முதலாளி தோளில் கைபோட்டுப் பேசினால், அன்றைக்கு ஒரு மூட்டை கூட இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். கோச்சுக்கும் தெரிந்தது.

"நாளைக்கு விசாரணைக் குழு உட்காருது. பெருசா ஒண்ணுமில்ல. நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. அந்தப் பையன் கோல் போஸ்ட்ல தொங்கினான், அதான் கவுந்துச்சு. அவ்வளவுதான்."

"அவன் தொங்கலையே சார்."

"யாரு பார்த்தா?"

"நான் பார்த்தேன்."

முதல்வர் சிரித்தார். நல்ல மனிதர்போலச் சிரிக்கத் தெரிந்தவர். "கோச், 'கம்பில தொங்காதடா, கம்பில தொங்காதடா'ன்னு தினமும் கத்துறது யாரு? நீங்கதான? இங்க ஜன்னலைச் சாத்தினாக்கூட எனக்குக் கேட்கும். இங்க படிச்சவன் எவனைக் கேட்டாலும் உங்களை மாதிரியே கத்திக் காட்டுவான். நீங்க சொன்னா நம்பாதவன் யாரு?"

கோச் டீயைக் கீழே வைத்தார். கத்திக் கத்தி அவருடைய குரலே கரகரத்துப் போனது. பையன்கள் அவருக்கு வைத்த பேர் 'விசில்'. விசிலே தேவையில்லை, வாயே போதும் என்பது அதற்கு அர்த்தம். எவனும் அடிபடக் கூடாது என்று கத்திய கத்தலை, அடிபட்டவன் தலையிலேயே பழி போட இவர்கள் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றார். அப்படிச் சொன்னதற்காகக் கதவைத் தாண்டுவதற்குள்ளேயே தன்னைத் தானே திட்டிக்கொண்டார். யோசிக்க என்ன இருக்கிறது இதில்?

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கல்லூரியின் மைதானம் மைதானமாக மட்டும் இருந்ததே கிடையாது. பட்டமளிப்பு நாளில் அது கார் நிறுத்தும் இடம். விடுமுறையில் வெளியாருக்கு வாடகைக்கு விட்டால் கண்காட்சித் திடல். அதனால் கோல் போஸ்ட்டைக் குழி தோண்டி நடக் கூடாது என்பது நிர்வாகத்தின் கண்டிப்பு. தூக்கி நகர்த்துகிற மாதிரி இரும்புக் குழாயில் பற்றவைத்த போஸ்ட் இரண்டு இருந்தன. முன்னால் இரண்டு கால், மேலே குறுக்குக் கம்பி, பின்னால் தரையோடு தரையாக ஒரு நீளக் கம்பி. கனமெல்லாம் முன்பக்கம்தான். பின்கம்பியில் பாரம் வைக்காவிட்டால் குப்புறக் கவிழ்ந்துவிடும். பயிற்சிக்கு முன்னால் மொத்த அணியும் தோள் கொடுத்து அதைக் கொட்டகையிலிருந்து சுமந்து வரும். முடிந்ததும் திரும்பச் சுமந்து போகும். முதல் மாதத்திலேயே தோளில் தோல் காய்த்துப்போகும். பந்து விளையாட வந்தவனா, பாரம் தூக்க வந்தவனா என்று பார்க்கிறவன் கேட்பான்.

"நட்டுடலாம் சார்" என்று கோச் கேட்காத முதல்வர் இல்லை. அவர் காலத்தில் ஐந்து பேர் வந்து போய்விட்டார்கள். ஐந்து பேரும் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார்கள். அந்த அடுத்த வருஷம் எங்கே போய்ப் படுத்துக்கொண்டதோ, வரவே இல்லை. கடைசியில் கட்டட வேலை நடந்த இடத்தில் கெஞ்சிச் சாக்கு வாங்கி, மணல் அள்ளிப் போட்டு, தன் கையாலேயே கோணி ஊசியில் தைத்து, இரண்டு போஸ்ட்டுக்கும் மூட்டை செய்து வைத்தார். மூட்டை கிழிந்தால் திரும்பத் தைப்பார்.

மூட்டை போதாத நாட்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஆட்டத்தில் இறங்காமல் வெளியே காத்திருக்கும் மாற்று ஆட்டக்காரர்களை வலைக்குப் பின்னால் அந்தக் கம்பியில் உட்காரவைப்பது. பையன்கள் அதற்கு 'மூட்டை டியூட்டி' என்று பேர் வைத்திருந்தார்கள். "டேய், நல்லா சாப்பிட்டு வாடா, இன்னைக்கு உனக்கு மூட்டை டியூட்டி" என்று கிண்டல் பறக்கும். கோச்சும் சேர்ந்து சிரித்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் ஒருவனுக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. அதுவே வினையாகிவிட்டது. ஒன்றும் ஆகாத ஒவ்வொரு நாளும், இனிமேலும் ஆகாது என்று காதோடு சொல்லிவிட்டுப் போனது.

ஆண்டு விழாவன்று பக்கத்துக் கல்லூரியோடு நட்பு ஆட்டம். விழாவுக்கு மைதானத்தின் ஓரத்தில் பெரிய கூடாரம் போட்டு, மேடை கட்டியிருந்தார்கள். பையன்கள் போஸ்ட்டைச் சுமந்து வந்து வைத்துவிட்டு மூட்டையைத் தேடினால் ஒன்றைக்கூடக் காணோம். காற்றுக்குக் கூடாரம் பறக்காமலிருக்க, கயிறு கட்டிய முளைகள் மேல் அத்தனை மூட்டையும் வரிசையாக உட்கார்ந்திருந்தது.

கோச் நேராகச் செயலாளரிடம் போனார். கல்லூரிக்கு முதல்வர் ஒரு பெயருக்குத்தான், நடத்துவது செயலாளர். அவருக்கு ஒரு கஜம் முன்னாலேயே அவருடைய வாசனைத் திரவியம் வந்து நிற்கும்.

"சார், அது போஸ்ட்டுக்கு வெச்சிருக்கிற மூட்டை. அது இல்லாம ஆட்டம் நடத்த முடியாது."

"விருந்தாளிங்க தலையில கூடாரம் விழணுங்கிறியா? ஒரு நாளைக்குச் சமாளிய்யா. நீ சமாளிக்காததா? ஆரம்பி, ஆரம்பி, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

கோச் சமாளித்தார். அதுதான் அவர் செய்த முதல் தப்பு. தூரத்துப் போஸ்ட்டில் கொட்டகையில் கிடந்த கற்களை அடுக்கினார். இந்தப் பக்கத்துக்குக் கல் மிஞ்சவில்லை. மாற்று ஆட்டக்காரர்களில் இரண்டு பேரைக் கம்பியில் உட்காரவைத்தார். ஒருவன் பேர் 'மெத்தை'. நல்ல உடம்பு, தடுப்பு ஆட்டக்காரன். இன்னொருவன் 'ஊசி'. பேரே சொல்லும்.

இடைவேளைக்குப் பிறகு இவர்கள் தரப்பில் ஒருவனுக்குக் காலில் சுளுக்கு. நொண்டிக்கொண்டே வெளியே வந்தான். எதிர் அணி நெருக்கிக்கொண்டு வருகிறது. கோச்சின் கண்ணில் பந்தும் ஆளும் தவிர வேறு ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் வாய் பழகிய பழக்கத்தில் கத்தினார்: "மெத்தை! வாடா உள்ள!"

அந்த வருஷம் முழுக்க மெத்தையை உள்ளே கூப்பிட்டதே இல்லை. கூப்பிட்ட குரல் காதில் விழுந்ததும் மலர்ந்த முகத்தோடு துள்ளி எழுந்து ஓடி வந்தான். கம்பி மேல் இருந்த பாரம் எழுந்து ஓடி வருகிறது என்று கோச்சுக்குத் தோன்றவே இல்லை. ஆட்டக்காரன் வருகிறான் என்றுதான் தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் எதிர் அணிக்காரன் உதைத்த பந்து குறுக்குக் கம்பியில் இடித்தது. அந்த நேரம் பார்த்து வலையை நிமிர்த்துகிற மாதிரி காற்றும் அடித்தது. போஸ்ட் குப்புறக் கவிழ, பின்னால் தனியாக உட்கார்ந்திருந்த ஊசி அப்படியே ஆகாயத்தில் எழும்பினான். முன்னால் பந்தைப் பிடிக்கக் குதித்து, தரையில் விழுந்து, எழுந்துகொண்டிருந்த கோல்கீப்பரின் இடுப்பில் இறங்கியது அத்தனை இரும்பும்.

கோல்கீப்பருக்குப் 'பூட்டு' என்று பேர். எதையும் உள்ளே விடமாட்டான். விளையாட்டுக்கென்று ஒதுக்கிய இடத்தில் படிக்க வந்தவன். அவனுடைய இடுப்பெலும்பும் தொடையெலும்பும் முறிந்தன. தலையும் தரையில் மோதி, அன்றைய ஆட்டமே அவனுக்கு ஞாபகத்தில் இல்லாமல் போனது. கூடாரத்துக்குள் விருந்தாளிகளுக்கு ஐஸ்கிரீம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இதை மாற்றி, அவன் தொங்கினான் என்று சொல்ல வேண்டுமாம்.

அறையை விட்டு வந்த கோச்சைத் தாழ்வாரத்தில் செயலாளர் மடக்கினார். "அடுத்த மாசம் உன் காலம் முடியுது. ஆலோசகர்னு போட்டு உன்னை வெச்சுக்கலாம்னு முதல்வர் சொல்றாரு. குவார்ட்டர்ஸ்லயே இருந்துக்கலாம். விளையாட்டு அரங்குக்கு உன் பேரை வைக்கலாம்னுகூட ஒரு பேச்சு இருக்கு. நாளைக்குக் கொஞ்சம் நல்லபடியா பேசு."

அரங்கே இன்னும் கட்டவில்லை. அதுவும் அடுத்த வருஷம்தான்.

அன்று சாயங்காலம் கோச் ஆஸ்பத்திரிக்குப் போனார். வாசல் படியில் மெத்தை உட்கார்ந்திருந்தான். மூன்று நாளில் முகம் பாதியாகியிருந்தது.

"உள்ள போகலையாடா?"

"எப்படி சார் போறது? நான் எந்திரிச்சதாலதான..."

"நீயா எந்திரிச்சே? நான் கூப்பிட்டேன், வந்தே. வராம இருந்திருந்தா செருப்பைக் கழட்டியிருப்பேன்."

"விசாரணைல அவன் தொங்கினான்னு சொல்லச் சொல்றாங்க சார். இல்லன்னா ஹாஸ்டலைக் காலி பண்ணணுமாம். ஊசிகிட்டயும் அதையேதான் சொல்லியிருக்காங்க. நான் என்ன சார் சொல்ல?"

கோச்சுக்குக் காதோரம் சூடேறியது. தன்னிடம் டீ கொடுத்துக் கேட்டவர்கள் பிள்ளைகளிடம் மிரட்டியே கேட்டிருக்கிறார்கள். "நீ ஒண்ணும் சொல்லவேண்டாம். நாளைக்கு முதல் ஆளா நான் உள்ள போறேன்" என்றார்.

வார்டு நீளமானது. இரண்டு பக்கமும் கட்டில்கள், ஒவ்வொரு கட்டிலுக்கும் நாலு பார்வையாளர்கள். பூட்டு கடைசிக் கட்டிலில் கிடந்தான். காலைத் தூக்கிக் கட்டி, எடை தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் அவனுடைய அக்கா. ரொட்டி ஆலையில் மாவு பிசைகிற வேலை. வேலையிலிருந்து அப்படியே வந்திருந்ததால் முழங்கை வரைக்கும் மாவு காய்ந்திருந்தது. அப்பா அம்மா இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

கோச்சைப் பார்த்ததும் பூட்டின் கண் கலங்கியது.

"சார், மன்னிச்சிடுங்க சார்."

"எதுக்குடா?"

"நீங்க எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க, தொங்காதடான்னு. கேட்காம தொங்கிட்டேன். எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல சார். முதல்வர் வந்து சொன்னாரு. உங்க பேருக்கும் காலேஜ் பேருக்கும் கெடுதல் பண்ணிட்டேன்."

அக்கா குறுக்கே விழுந்தாள். "மன்னிப்புக் கேட்டா எலும்பு ஒட்டிடுமா? எருமை மாடு மாதிரி வளர்ந்துட்டு கம்பில தொங்கினானாம் சார், தொட்டில்ல ஆடுற குழந்தை மாதிரி! ரெண்டு ஷிப்ட் பார்த்து இவனைப் படிக்க அனுப்பினா, இவன் அங்க போய் மரம் ஏறியிருக்கான். இங்க எல்லாரும் இவனுக்குக் குரங்குன்னு பேர் வெச்சாச்சு."

எதிர்க் கட்டிலில் கையில் கட்டுப்போட்டிருந்த பெரியவர் சிரித்தார். "வால் எங்கடா தம்பின்னுதான் கேட்டேன். கோவிச்சுக்கலையே?"

பூட்டும் சிரிக்கப் பார்த்தான். உதடு மட்டும் நெளிந்தது.

அந்த இடத்திலேயே கோச் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கேட்கிற குரல், ஒரு கட்டிலின் பக்கத்தில் எழவே இல்லை. செய்யாத தப்புக்கு ஒருவன் படுத்த படுக்கையாகக் கிடந்துகொண்டு மன்னிப்புக் கேட்கிறான், கேட்கவேண்டியவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். நேரம் முடிந்தது என்று நர்ஸ் எல்லோரையும் விரட்டியபோது அவரும் கூட்டத்தோடு வெளியே வந்துவிட்டார்.

வெளியே வந்தபிறகுதான் உடம்பெல்லாம் எரிந்தது. அடிபட்டவனிடமே போய், மயக்கம்கூடச் சரியாகத் தெளியாதவனிடம், நீதான் காரணம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார் அந்த ஆள்! சும்மாவும் போயிருக்க மாட்டார், கையில் பழப்பையோடு போயிருப்பார். எலும்பை உடைத்தது போதாதென்று மனசையும் உடைத்தாகிவிட்டது. இனி அவனே எழுந்து, "ஆமாம், நான்தான்" என்று சொல்லிவிடுவான். இவர்களுக்கு அதுதானே வேண்டும்.

வீட்டில் சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள்.

"குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லுவாங்க, இல்ல?"

"சொல்லுவாங்க."

"சொல்லட்டும். நீங்க போய் வீரமா பேசிட்டு வாங்க. நான் பாத்திரத்தை மூட்டை கட்டுறேன். எனக்கென்ன, வாழ்நாள் பூரா உங்க பசங்க ஜெர்சியைத் துவைச்ச கைதான."

"கோவமா?"

"கோவம் வராம? ஆனா அந்தப் பையன் மேலயா கோவப்பட முடியும்? போன மாசம் வந்து இந்தத் திண்ணையில உட்கார்ந்து, 'இன்னும் ஒரு தோசை வையுங்க'ன்னு உரிமையா கேட்டுச் சாப்பிட்டுட்டுப் போனான். நீங்க மட்டும் நாளைக்கு வளவளன்னு இழுக்காதீங்க. அந்த ஆளுங்க முன்னாடி உங்களுக்குப் பாதி வார்த்தை வயித்துக்குள்ளயே போயிடும். இத்தனை வருஷம் பார்க்கிறேனே."

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆட்டக்காரர்களிடம் சிங்கம், நாற்காலிக்காரர்களிடம் "சரிங்க சார்". வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே அப்படித்தான். ஒவ்வொரு வருஷமும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். ஒவ்வொரு வருஷமும், புதுப்பிப்பார்களோ மாட்டார்களோ என்று பயந்தே அந்த வருஷத்தை ஓட்டுவார். கோப்பை ஜெயித்த வருஷத்திலும் அந்தப் பயம் இருந்தது. பயந்தவனை நிரந்தரமாக வைத்துக்கொள்ள, நிரந்தரம் ஆக்காமல் இருந்தாலே போதும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் விசாரணை. நீள மேஜை, அந்தப் பக்கம் செயலாளர், முதல்வர், கல்லூரிக்கு வழக்குப் பார்க்கும் வக்கீலம்மா. நடுவில் தட்டு நிறைய பிஸ்கட். இந்தப் பக்கம் ஒரே ஒரு நாற்காலி. கோச் உட்காரவில்லை.

"சொல்லுங்க கோச்" என்றார் முதல்வர், முதுகைத் தட்டிக்கொடுக்கிற குரலில்.

"அவன் தொங்கலை. போஸ்ட்டுக்குப் பின்னால பாரம் இல்ல. மூட்டை இல்லாததால ரெண்டு பசங்களை உட்கார வெச்சேன். அதுல கனமா இருந்தவனை ஆட்டத்துக்குக் கூப்பிட்டுட்டேன். அவன் எந்திரிச்சு வந்தா போஸ்ட் நிக்காதுங்கிறது அந்த நேரம் எனக்கு மறந்துபோச்சு. கூப்பிட்டது நான்."

முதலில் செயலாளர் முகம் கறுத்தது. பிறகு அந்த முகத்திலேயே மெல்ல வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்தபோது கோச்சுக்கு அருவருப்பாக இருந்தது.

"அப்ப தப்பு உன்னோடது" என்றார் செயலாளர்.

"ஆமா."

"வாயாலயே சொல்லிட்டாரு. போதும், எழுதிக்குங்கம்மா. கோச்சோட கவனக்குறைவு."

"போதாது" என்றார் கோச். "மூட்டை எங்க போச்சுன்னு கேளுங்க."

"மூட்டைக் கதை இப்ப எதுக்கு?"

"உங்க கூடாரத்துக்குப் போச்சு. வந்து கேட்டேன். 'சமாளிய்யா'ன்னீங்க. விருந்தாளிங்க தலையில துணி விழுந்துடக் கூடாது, பசங்க தலையில இரும்பு விழுந்தா பரவாயில்ல. அப்படித்தான?"

"கோச், குரலைக் குறைச்சுப் பேசுங்க" என்றார் முதல்வர்.

"இது குறைச்ச குரல்தான் சார். பெரிய குரலைத்தான் நீங்க ஜன்னலைச் சாத்தினாலும் கேட்டிருக்கீங்களே. அதே குரல்ல வருஷா வருஷம், போஸ்ட்டை நட்டுடுங்கன்னும் கேட்டேனே. அது மட்டும் ஏன் சார் கேட்கலை?"

முதல்வர் பிஸ்கட்டைப் பார்த்தார்.

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தாள். செயலாளரின் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில்தான் சொன்னாள். ஆனால் அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது. "இவர் தப்புன்னு எழுதினா வைத்தியச் செலவு நம்ம தலையிலதான் விடியும் சார். நம்ம ஆள் வேலை நேரத்துல பண்ணின தப்பு. பையன் தப்புன்னாதான் நமக்குச் சம்பந்தமில்லை."

செயலாளர் முகத்தில் வந்த வெளிச்சம் அணைந்தது. ஒரு கணம் யோசித்தார். பிறகு வெகு சாதாரணமாக, தூசி தட்டுகிற மாதிரி சொன்னார்:

"நம்ம ஆள்னு யாரு சொன்னா? இவர் நிரந்தரம் இல்லையே. வெளி ஆள். ஒப்பந்தத்துக்கு வந்து போறவர்."

கோச்சுக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது.

வெளி ஆள். சேர்ந்தபோது தலைமுடி கறுப்பாக இருந்தது. அவரிடம் விளையாடியவர்களின் பிள்ளைகள் இப்போது அவரிடம் விளையாடுகிறார்கள். முட்டி இரண்டும் தேய்ந்துபோனது அந்த மைதானத்தில். மகள் பிறந்த அன்று அவர் வெளியூரில் அணியோடு இருந்தார். அப்பா செத்த அன்று அரையிறுதி. முடித்துவிட்டுத்தான் போனார். முதல்வர் அறை அலமாரியில் வரிசையாக நிற்கும் அத்தனை கோப்பைக்கும் பக்கத்தில் ஒரு போட்டோ இருக்கிறது. ஒவ்வொன்றிலும் நடுவில் செயலாளர், ஓரத்தில் தோள் மட்டும் தெரிகிற மாதிரி இவர்.

"நான் வெளி ஆளா?" என்றார். இப்போது குரல் குறையவில்லை. கதவுக்கு வெளியே காத்திருந்த மெத்தையும் ஊசியும் எழுந்து நின்றார்கள். "கோப்பையைத் தூக்கிட்டு வந்தப்போ 'நம்ம கோச்'. எலும்பு உடைஞ்சா வெளி ஆள். முப்பத்தொரு வருஷம்யா! வருஷா வருஷம் வந்து போறவனுக்கு வருஷா வருஷம் மாலை எதுக்குப் போட்டீங்க? அப்பவே கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளியிருக்க வேண்டியதுதான?"

"நீ போகலாம்" என்றார் செயலாளர்.

"போறேன். உங்க ஆலோசகர் வேலையும் வேண்டாம், கட்டாத அரங்குல பேரும் வேண்டாம். ஆனா அந்தப் பையன் தொங்கினான்னு ஒரு எழுத்து இந்த அறையை விட்டு வெளிய போச்சுன்னா, என்கிட்ட ஆடின அத்தனை பேரையும் கூட்டிட்டு வருவேன். போலீஸ்ல இருக்கான், கோர்ட்ல இருக்கான், பேப்பர்ல இருக்கான். மூட்டை டியூட்டி பார்க்காதவன் அவங்கள்ல ஒருத்தன் கிடையாது. ஒவ்வொருத்தனும் உட்கார்ந்த கதையைச் சொல்லுவான். அதுல எனக்கும் கேவலம்தான். பரவாயில்ல, சேர்ந்தே படுவோம்."

வெளியே வந்தார். மெத்தை தோளைப் பிடித்துக்கொண்டான். "சார், நாங்க என்ன சொல்ல?" என்று ஊசி கேட்டான்.

"நீ எவ்வளவு உயரம் பறந்தேன்னு சொல்லு. அது போதும்."

மத்தியானத்துக்குள் வக்கீலம்மா செயலாளருக்குப் புரியவைத்துவிட்டாள். இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்துவிட்டு வெளி ஆள் என்றால் எந்தக் கோர்ட்டும் சிரிக்கும் என்று. பையன் மேல் குற்றம் இல்லை, கோச்சின் கவனக்குறைவு, வைத்தியச் செலவு கல்லூரியுடையது, கோச் இன்றோடு விலக்கப்படுகிறார் என்று முடிவாயிற்று. கூடாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிரிவுபசாரம் கிடையாது, ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கோச் அதைக் கேட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அக்கா தம்பிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று, எங்கேயும் பூசி மெழுகாமல், மூட்டை போனதிலிருந்து மெத்தையைக் கூப்பிட்டதுவரை சொன்னார். "நீ தொங்கலைடா. உன் மேல ஒரு தப்பும் இல்ல. கூப்பிட்டது நான்" என்று முடித்தார்.

பூட்டு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கஞ்சி ஒரு பக்கமாக வழிந்தது. யாரும் துடைக்கவில்லை.

"நான் தொங்கலையா சார்?"

"இல்லடா."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்கு ஓடியது.

அக்கா கிண்ணத்தை டக்கென்று வைத்தாள். "நேத்து வந்தீங்களே, ஏன் சொல்லல?"

"வாய் வரலைம்மா."

"கிரவுண்டுல மட்டும் வருமோ? ராத்திரி பூரா இவனைத் திட்டினேன் சார். வலியில முனகினான், அதுக்கும் திட்டினேன். தொங்கும்போது தெரியலையா, இப்ப முனகுறியேன்னு கேட்டேன். நீங்க நல்லா தூங்கினீங்களா?"

என்ன சொன்னாலும் அது சால்ஜாப்பாகத்தான் இருக்கும்.

"வேலை போயிடுச்சுன்னு உங்க டீம் பையன் வாசல்ல சொன்னான். அதுக்காக உங்களைக் கும்பிடணுமா நான்?"

"வேண்டாம்மா."

"டாக்டர் நடப்பான்னு சொல்றாரு. ஓடுவானான்னு கேட்டா வாயைத் திறக்கலை. அது தெரியற வரைக்கும் நான் யாரையும் மன்னிக்கிறதா இல்ல. உங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"சரிம்மா."

"சரி சரின்னா ஆச்சா? இவன் காதுல மட்டும் சொல்லிட்டுப் போனா எப்படி? இந்த வார்டு பூரா இவனைக் குரங்குன்னு கூப்பிடுது. அவங்களுக்கு யாரு சொல்றது?" எழுந்து நின்று, எதிர்க் கட்டிலை நோக்கிக் கையை நீட்டினாள். "அங்கிருந்து ஆரம்பிங்க."

கையில் கட்டுப்போட்ட பெரியவர் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோச் அவர் முன்னால் போய் நின்றார். "ஐயா, அந்தப் பையன் கம்பில தொங்கலை. என்னோட தப்பாலதான் போஸ்ட் விழுந்துச்சு. பாரத்தை எடுத்தது காலேஜ்" என்றார்.

"என்னது? இந்தக் காது கேட்காது, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

கோச் சத்தமாகச் சொன்னார். வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஓடி வந்தாள். "இது ஆஸ்பத்திரியா, மைதானமா?" என்று கேட்டாள். அக்கா அவளை வழிமறித்துக்கொண்டு நின்றாள்.

பெரியவர் பூட்டின் பக்கம் பார்த்து, "அப்ப உன்னை வால் எங்கேன்னு கேட்டது என் தப்பு தம்பி" என்றார். பிறகு கோச்சை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்யா, பிள்ளைங்களையா பாரத்துக்கு வெப்பீங்க? கல்லு கிடைக்கலையா உங்க ஊர்ல?"

கோச் அதையும் வாங்கிக்கொண்டார். அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கே ஒரு சமையல்காரர், அவருடைய இரண்டு தம்பிகள். திரும்ப முதலிலிருந்து சொன்னார். அதற்கடுத்த கட்டில். ஒவ்வொரு இடத்திலும் ஒரு திட்டு, ஒரு "அடப்பாவி". சில பேர் கல்லூரியைத் திட்டினார்கள், சில பேர் அவரைத் திட்டினார்கள், சில பேர் இரண்டையும் சேர்த்துத் திட்டினார்கள். அக்கா ஒவ்வொரு கட்டிலுக்கும் கூடவே வந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் சொல்கிறாரா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசிக் கட்டில் முடிந்ததும் கோச் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பக்கத்துல பெண்கள் வார்டு இருக்கு" என்றாள் அக்கா. "அங்கயும் இந்தக் குரங்குக் கதை பரவியிருக்கு. வாங்க."

கோபம் அவளுக்குத் தணிந்தபாடில்லை. அவருக்கும்தான். இரண்டு பேரும் தாழ்வாரத்தில் ஒருவருக்கொருவர் பேசாமல், அடுத்த கதவை நோக்கி வேகமாக நடந்தார்கள்.